தர்மபுரியில் மொழி பயின்ற தாமஸ் மன்றோ

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஆசிரியருக்கும் மாணவருக்கும் இருக்கிற உற்சாகம், அரைப் பரீட்சை முடிந்து பொங்கல் தாண்டியதும் எங்கே போய்விடுகிறது? மொழிப் பாடம் எடுப்பவர்களைக் கேட்டால் தெரியும். கணக்கு என்றால் விடை வந்ததும் ஒரு திருப்தி. மொழி அப்படி இல்லீங்க. ஆறு மாசம் தொண்டை வற்றக் கத்திய பிறகும் பையன் வாயைத் திறக்க மாட்டான். வாத்தியாருக்குச் சலிப்பு, பையனுக்குப் பயம். மார்ச் வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான்: எப்போது முடியும்?

நம் கல்லூரியில் படித்து ஆசிரியர் வேலைக்குப் போன அண்ணன்மார், அக்காமார் எத்தனையோ பேர். இப்போது படிக்கிற தம்பி தங்கைகளிலும் அந்த வேலையை நினைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக நம்ம ஊரோடு சம்பந்தப்பட்ட ஒரு பழைய மனிதரின் வாழ்க்கையை இங்கே சொல்லலாம் என்று தோன்றியது. சென்னைத் தீவுத்திடல் பக்கம் போனவர்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். சேணமும் இல்லாமல் அங்கவடியும் இல்லாமல் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரர். அவர்தான் சர் தாமஸ் மன்றோ. சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்தவர் என்று பலருக்கும் தெரியும். அதற்கு முன்னால், 1792 முதல் 1799 வரை ஏழு வருஷம், நம்ம தர்மபுரியில் உத்தியோகம் பார்த்தவர் என்பது நம் ஊரிலேயே நிறையப் பேருக்குத் தெரியாது.

அவரை வரி வசூல் அதிகாரியாகவும் ரயத்துவாரி முறையின் தந்தையாகவும் சரித்திரப் புத்தகங்கள் காட்டுகின்றன. இங்கே நாம் பார்க்கப் போவது அவரது வாழ்க்கையில் மொழி வகித்த இடத்தை. அவர் எப்படிக் கற்றுக்கொண்டார், கற்றுக்கொடுப்பவர்களைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை.

பதினாறு வயசில் ஸ்பானிஷ்

மன்றோ 1761ஆம் வருஷம் மே மாதம் 27ஆம் தேதி ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அப்பா அலெக்ஸாண்டர் மன்றோ, அமெரிக்காவில் வர்ஜீனியாவோடு வியாபாரம் செய்த வசதியான வணிகர். பையனுக்குச் சின்ன வயசில் தட்டம்மை வந்தது. உயிர் தப்பியது, ஆனால் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. கடைசி வரை அந்தக் குறை இருந்தது. மொழி படிக்கக் காதுதான் முதல் கருவி என்று நாம் சொல்கிறோம். அந்தக் கருவியே பழுதான ஒருவர்தான் பிற்காலத்தில் பல பாஷை பேசும் சீமைகளை நிர்வாகம் செய்தார்.

படிப்பில் கணக்கும் ரசாயனமும் பிடிக்கும். கதைப் புத்தகம் என்றால் உயிர். செர்வாண்டிஸ் எழுதிய டான் குயிக்ஸாட் கதையை மூல மொழியிலேயே படித்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது. ஊரில் ஸ்பானிஷ் வாத்தியார் தேடிக்கொண்டிருக்கவில்லை. ஒரு இலக்கணப் புத்தகமும் ஒரு அகராதியும் வைத்துக்கொண்டு தானாகவே உட்கார்ந்து படித்தார். அப்போது வயசு பதினாறு சுமார். அந்த ஸ்பானிஷ் சீக்கிரமே வேலைக்கும் உதவியது. பிடிபட்ட ஒரு ஸ்பானிஷ் கப்பலில் இருந்த காகிதத்தை ஒரு வியாபார நிறுவனத்துக்கு அவர் மொழிபெயர்த்துக் கொடுத்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவரைப் படிக்கச் சொன்னது பரீட்சை இல்லை, ஒரு கதை. அடுத்த பக்கத்தில் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை. அந்த ஆசை இருக்கிற வரை அகராதியைப் புரட்டக் கை வலிக்காது.

தலையணையாக ஒரு புத்தகம்

1776இல் அமெரிக்கக் காலனிகள் விடுதலை கேட்டுக் கிளம்பின. வர்ஜீனியா வியாபாரம் படுத்தது. அப்பாவின் சொத்து கரைந்துபோனது. கணக்குப்பிள்ளை வேலை கற்றுக்கொண்டிருந்த மகன் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலில் மாலுமியோடு மாலுமியாக வேலை செய்துகொண்டே வந்து, 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கினார். அந்த வருஷமே ஹைதர் அலியோடு யுத்தம் மூண்டது.

பட்டாளத்துச் சின்ன அதிகாரியின் வாழ்க்கை சொகுசானது இல்லை. சம்பளம் கைக்கும் வாய்க்குமே சரி. நாலு கட்டையில் விரித்த கித்தான்தான் கட்டில். முதல் மூன்று வருஷம் தலையணை என்று எதுவும் இல்லை, புத்தகமோ தோட்டாப் பையோதான் தலைக்கு அடியில் இருந்தது என்று பிற்பாடு தங்கைக்கு எழுதினார். நடந்தே பல ஊர் போனார். அந்த நிலையிலும் இந்துஸ்தானியும் பாரசீகமும் படித்தார்.

பாரசீகம் அன்றைக்கு அரசாங்கப் பாஷை. சமஸ்தானங்களின் கடிதப் போக்குவரத்து அதில்தான் நடந்தது. உத்தியோகத்துக்கு உபயோகம் என்று அதைப் படிக்க ஆரம்பித்தவர், அங்கேயும் கதையைப் பிடித்துக்கொண்டார். பாரசீகக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் கடனுக்கு ஈடாக உடம்புச் சதையைக் கேட்கும் ஒரு கதை கண்ணில் பட்டது. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் நகர வணிகன் நாடகத்தில் வருவதும் அதே சங்கதிதானே. மன்றோ அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். 1790இல் மலோன் என்ற அறிஞர் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் பதிப்பில் அந்த மொழிபெயர்ப்பு இடம் பெற்றது. முப்பது வயசு நிரம்பாத ஒரு பட்டாளத்து அதிகாரி செய்த வேலை அது.

பாராமகாலுக்கு ஏன் பட்டாளத்தார் வந்தார்கள்?

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தன் ராஜ்யத்தில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அதில் கம்பெனிக்கு வந்த சீமைகளில் ஒன்று பாராமகால். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் திருப்பத்தூர்ப் பக்கமும் சேர்ந்த பூமி. சேலம் பக்கத்து நாடும் அதோடு சேர்த்து நிர்வாகம் செய்யப்பட்டது.

புதுச் சீமைக்குக் கலெக்டர் வேலை பார்க்கக் கம்பெனியின் சிவில் உத்தியோகஸ்தர்கள் சென்னையில் இருக்கத்தான் இருந்தார்கள். ஆனால் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு அவர்களை விட்டுவிட்டுப் பட்டாளத்து அதிகாரிகளை அனுப்பினார். காரணம் ரொம்பச் சாதாரணம். சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு ஊர்ப் பாஷை தெரியாது. எல்லாம் துபாஷிகள் மூலம்தான். துபாஷி என்றால் இரண்டு பாஷைக்காரர் என்று அர்த்தம். குடியானவன் சொல்வது ஒன்று, துரை காதில் விழுவது ஒன்று. நடுவில் இருப்பவர் நல்லவராக இருந்தால் சரி, இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் கெட்டது.

பாஷை தெரிந்தவர் என்று காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்கு மூன்று உதவியாளர்கள். வடக்கே கிருஷ்ணகிரிப் பக்கம் கிரஹாம், தெற்கே சேலம் பக்கம் மக்ளியாட், நடுவில் தர்மபுரி மன்றோவுக்கு. ரீட் திருப்பத்தூரில் இருந்தார். மன்றோ 1788 முதலே ஆம்பூரில் ரீடின் கீழ் உளவுத் துறையில் வேலை பார்த்தவர். அதனால் ஒருவரை ஒருவர் நன்றாக அறிவார்கள்.

ரயத்துவாரி என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற முறை இந்தப் பாராமகாலில்தான் உருவாயிற்று. ஜமீன்தார், குத்தகைக்காரர் என்று நடுவில் யாரும் இல்லாமல், ஒவ்வொரு ரயத்தோடும் சர்க்கார் நேரடியாக வரி பேசி முடிப்பதுதான் அந்த முறை. யோசித்துப் பார்த்தால் இதன் அடியில் இருப்பதும் மொழிதான். குடியானவனோடு நேரடியாகப் பேச முடியாத அதிகாரி அவனோடு எப்படி நேரடியாக வரி முடிவு செய்ய முடியும்?

கூடாரமே வகுப்பறை

நம்ம ஜில்லாவைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தெருவில் தமிழ், அடுத்த தெருவில் தெலுங்கு, மலையடிவாரம் போனால் கன்னடம், முஸ்லிம் வீடுகளில் உருது. இன்றைக்கும் வீட்டில் ஒன்று பேசி, கடைத்தெருவில் ஒன்று பேசி, பள்ளிக்கூடத்தில் மூன்றாவது ஒன்றில் எழுதுகிற பிள்ளைகள் இங்கே உண்டு. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த பூமியில் ஒரு காது மந்தமான ஸ்காட்லாந்துக்காரர் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்.

அந்தக் கூடாரத்து வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. கடிதம் எழுதுகிற அந்த நேரத்திலேயே சுற்றிலும் ஒரு டஜன் பேர் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். காலை ஏழு மணிக்கு வர ஆரம்பித்த கூட்டம் நடுப்பகல் ஆகியும் ஓயவில்லை. முப்பது வருஷத்துக்கு முந்தி அப்பா வாங்கிய கடனைப் பற்றி ஒருவர் நீட்டி முழக்குகிறார். சண்டைக் காலத்தில் ஊரில் இல்லாதபோது தம் சொத்தைச் சகோதரன் அழித்துவிட்டான் என்று இன்னொருவர் முறையிடுகிறார். மூன்றாமவர் இந்த வருஷம் வழக்கமான வரி கட்ட முடியாது என்கிறார். ஏனாம்? நல்ல எருதைவிட அதிகமாக உழைத்த பெண்சாதி செத்துப்போய்விட்டாளாம்.

தனக்கென்று ஒரு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை, வேலை சலிப்பூட்டுகிறது என்றும் அதே கடிதத்தில் மன்றோ ஒளிக்காமல் சொல்கிறார். ஆனால் பாருங்கள், சலிப்பு என்று சொல்லிக்கொண்டே அந்தக் குடியானவர்கள் சொன்னதை ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறார். கேட்டது மனசில் தங்கியதால்தானே எழுத வந்தது? டான் குயிக்ஸாட்டுக்காக அகராதி புரட்டிய அதே பையன்தான் இங்கே கூடாரத்தில் உட்கார்ந்து கதை கேட்கிறான். வித்தியாசம் ஒன்றுதான். இந்தக் கதைகளைத் தப்பாகப் புரிந்துகொண்டால் ஒரு குடும்பத்துக்கு வரி கூடிப்போகும்.

களைப்பை அவர் எப்படிச் சமாளித்தார்? அவருடைய கடிதங்களைப் பார்த்தால் மூன்று பழக்கம் தெரிகிறது. நடை. கடிதம். தோட்டம். தங்கைக்கும் அப்பாவுக்கும் விடாமல் எழுதினார், அதிலே வேடிக்கையும் கிண்டலும் இருக்கும். தர்மபுரியில் ஒரு தோட்டம் போட்டு ஆசையாக வளர்த்தார். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு அவரைக் கன்னடக் கடற்கரைச் சீமைக்கு மாற்றினார்கள். பாராமகாலை விட்டுப் போவது அவருக்குப் பெரிய துக்கமாக இருந்தது. பெரிய பதவிகள் பின்னால் வந்தாலும், இந்த ஊரில் இருந்த காலத்தை அவர் மறக்கவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் வந்தது நமக்குச் சேவை செய்ய இல்லை. அந்நியக் கம்பெனிக்கு வரி வசூல் பண்ண வந்தவர். அந்த வரி பாரமான வரி. பிற்பாடு கடப்பை, பல்லாரி முதலான சீமைகளில் இருந்தபோது வரியில் நாலில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்று 1807இல் அவரே எழுதினார் என்றால், பாரம் எவ்வளவு என்று புரிந்துகொள்ளலாம். பாஷை தெரிந்ததால் அவர் குடிகளின் கஷ்டத்தைக் கேட்டார். கேட்டும் வசூலித்தார். இரண்டும் உண்மை.

கோட்டைக் கல்லூரி

மன்றோ 1808இல் சீமைக்குத் திரும்பிச் சில வருஷம் அங்கே இருந்தார். அந்தச் சமயத்தில், 1812இல், சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் பின்னால் இருந்தவர் எல்லீஸ் துரை. கப்பலிலிருந்து இறங்கும் இளம் சிவிலியன்கள் தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலான பாஷைகளைப் படித்துப் பரீட்சை தேற வேண்டும் என்று ஏற்பாடு. நம் ஊர்ப் புலவர்களே அங்கே ஆசிரியர்கள். பஞ்சதந்திரத்தை உரைநடையில் எழுதிய தாண்டவராய முதலியார் அங்கே தமிழ்த் தலைமைப் புலவராக இருந்தவர். அவர் மாதிரி ஆட்கள் கற்பிப்பதற்காக எழுதிய நூல்கள் தமிழ் உரைநடைக்கே ஒரு வழி போட்டுக்கொடுத்தன.

1792இல் பாஷை தெரிந்த நாலு பேரைத் தேடிப் பட்டாளத்துக்குப் போக வேண்டியிருந்தது. இருபது வருஷம் கழித்துப் பாஷை சொல்லிக்கொடுக்க ஒரு கல்லூரியே வந்துவிட்டது.

12,498 பள்ளிக்கூடங்கள்

1820 ஜூனில் மன்றோ சென்னை கவர்னர் ஆனார். இரண்டு வருஷத்தில், 1822 ஜூன் 25ஆம் தேதி, ஒரு குறிப்பு எழுதினார். நம் சர்க்காரிடம் நிலக் கணக்கு இருக்கிறது, விளைச்சல் கணக்கு இருக்கிறது, ஜனங்களின் படிப்பைப் பற்றி ஒரு கணக்கும் இல்லை என்பது அதன் சாரம். ஒவ்வொரு கலெக்டரும் தம் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், எந்தெந்த ஜாதி, ஆண் எத்தனை பெண் எத்தனை என்று எண்ணி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போயிற்று. அன்றைக்கு நம்ம தர்மபுரி சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2ஆம் தேதிதான்.

கணக்கு வந்து சேரச் சில வருஷம் ஆயிற்று. 1826 மார்ச் 10ஆம் தேதி மன்றோ அதைத் தொகுத்து எழுதினார். ராஜதானி முழுவதும் பள்ளிகள் 12,498. ஜனத்தொகை 1,28,50,941. கிட்டத்தட்ட ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பள்ளிக்குப் போகும் வயசுப் பையன்களில் நாலில் ஒருவருக்குக் கொஞ்சம் மேலே பள்ளியில் இருந்தார்கள். வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒருவர் வரும் என்று அவர் கணித்தார். சென்னை நகரத்தில் மட்டும் பள்ளியில் படிப்பவர்களைவிட வீட்டில் படிப்பவர்கள் ஐந்து மடங்கு என்று கணக்கு வந்திருந்தது. அதை அவரே நம்பவில்லை, தப்பு இருக்கலாம் என்று எழுதினார். சாதகமான கணக்கையும் சந்தேகப்பட்டவர் அவர். இந்த அறிக்கைகளைத் தரம்பால் அவர்கள் 1983இல் அழகிய மரம் என்ற தம் ஆங்கில நூலில் தொகுத்து வெளியிட்டார். இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம்.

பல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் அனுப்பிய அறிக்கை மொழி ஆசிரியர்கள் படிக்க வேண்டிய ஒன்று. அவரே தெலுங்கு இலக்கணம் எழுதியவர். தெலுங்கும் கன்னடமும் கலந்த அந்த ஜில்லாவில் பிள்ளைகள் செய்யுளை மனப்பாடம் செய்கிறார்கள், ஆனால் அது பேச்சு மொழியிலிருந்து வெகுதூரம் விலகிய நடை, பொருள் தெரியாமலே கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கிறார்கள் என்று அவர் குறைப்பட்டார். நோட்ஸ் வாங்கிக் கட்டுரை உருப்போடும் இந்தக் காலத்துக்கும் அது பொருந்தும்.

அவர் புகழ்ந்த ஒரு விஷயமும் உண்டு. மேலே படிக்கிற பையன் கீழே படிக்கிற பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை முறைதான். சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார் இதைக் கையாண்டு, 1797இல் லண்டனில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். ஒரே வாத்தியார் பெரிய கூட்டத்தைச் சமாளிக்க முடிந்த ரகசியம் அதுதான். வாத்தியாரின் தொண்டையும் தப்பியது. சொல்லிக்கொடுத்த பையனுக்கும் பாடம் நிலைத்தது.

ஒன்பது ரூபாய் வாத்தியார்

இத்தனை பள்ளி இருந்தும் படிப்பு ஏன் இறங்குகிறது? மன்றோ இரண்டு காரணம் சொன்னார். ஜனங்களின் வறுமை ஒன்று. வேலை செய்கிற வயசு வந்ததும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது, வாத்தியாரின் வருமானம். ஒரு பிள்ளைக்கு மாசம் நாலு அணாவிலிருந்து எட்டு அணா வரைதான் சம்பளம். எல்லாம் சேர்த்தாலும் வாத்தியாருக்கு மாசம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் தேறாது. தகுதியுள்ள ஆள் அந்த வேலைக்கு வரமாட்டார் என்று பட்டவர்த்தனமாக எழுதினார்.

வாத்தியாருக்கு ஊக்கம் இல்லை, அர்ப்பணிப்பு இல்லை என்று அவர் புத்திமதி எழுதவில்லை. கணக்குப் போட்டார். ஒவ்வொரு ஜில்லாவிலும் இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என இரண்டு பெரிய பள்ளிகள். இருபது ஜில்லாவுக்கு 40. அங்கே வாத்தியாருக்கு மாசம் 15 ரூபாய். தாசில்தாரிக்கு ஒன்றாக 300 பள்ளிகள். வாத்தியாருக்கு 9 ரூபாய். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவும் புத்தகம் அச்சடிக்கவும் சென்னைப் பள்ளிப் புத்தகச் சங்கத்துக்கு மாசம் 700 ரூபாய். மொத்தம் மாசம் 4,000, வருஷத்துக்கு 48,000 ரூபாய். ஒன்பது ரூபாய் குறைவாகத் தோன்றலாம், ஆனால் பிள்ளைகள் தரும் சம்பளமும் அதே அளவு வரும், அப்போது அவர் நிலைமை ஸ்காட்லாந்தின் கிராமத்து வாத்தியாரைவிட மேலாக இருக்கும் என்று கணித்தார். சொந்த ஊர் வாத்தியாரை அளவுகோலாக வைத்துப் பார்த்திருக்கிறார்.

மாணவனின் ஊக்கத்தையும் அவர் விடவில்லை. 1824 டிசம்பர் 31ஆம் தேதிக் குறிப்பில், வெறும் புத்தகப் படிப்பு ஒரு ஜனத்தை உயர்த்தாது, படித்தவனுக்குச் செல்வத்துக்கும் கௌரவத்துக்கும் சர்க்கார் பதவிக்கும் வழி திறந்திருக்க வேண்டும் என்று வாதாடினார். படித்து என்ன ஆகப்போகிறது என்று கடைசி பெஞ்சு கேட்கிற கேள்விக்கு அப்போதே பதில் தேடியிருக்கிறார்.

குறைகளும் உண்டு. 1822 கணக்கு பெண் பிள்ளைகளையும் எண்ணச் சொன்னது. 1826 திட்டமோ அவர்களுக்கென்று ஒரு பள்ளிகூடச் சொல்லவில்லை. வறுமைதான் காரணம் என்று எழுதியவர், அந்த வறுமையில் கம்பெனியின் வரிக்கு இருந்த பங்கைப் பற்றி அங்கே தாராளமாகப் பேசவில்லை.

பத்திகொண்டா

பர்மா யுத்தம் வந்ததால் அவர் ஊர் திரும்புவது தள்ளிப்போயிற்று. 1826இல் மனைவி ஜேன் நோயாளிப் பிள்ளையோடு முன்னால் கிளம்பிப் போனார். அடுத்த கவர்னர் வரும் வரை இருந்தாக வேண்டும். சும்மா இருக்கவில்லை மனிதர். ஏழு வருஷம் கலெக்டராக இருந்த கடப்பை, பல்லாரிச் சீமையை ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். வழியில் வாந்திபேதி. 1827 ஜூலை 6ஆம் தேதி, இன்றைய ஆந்திராவில் உள்ள பத்திகொண்டாவில் காலமானார். வயசு 66. அந்தச் சீமையில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா, மன்றோலம்மா என்று பெயர் வைக்கும் வழக்கம் வெகு காலம் இருந்தது.

அவர் போட்ட பள்ளித் திட்டம்? பணம் அனுமதியானது. பள்ளிகள் சில தொடங்கின. ஆனால் திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டவே இல்லை. 1835இல் மெக்காலேயின் குறிப்பை ஒட்டிக் கம்பெனி சர்க்காரின் பார்வை இங்கிலீஷ் படிப்பின் பக்கம் திரும்பியது. அடுத்த வருஷமே தாசில்தாரிப் பள்ளிகள் கைவிடப்பட்டன. கிராமத்து வாத்தியாரைப் பற்றி ஒரு கவர்னர் போட்ட கணக்கு, பத்தே வருஷத்தில் தூசி படிந்த காகிதமாகிவிட்டது.

நமக்கு என்ன?

மன்றோவின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. மொழி படிக்கிறவனுக்குத் தெம்பு கதையிலிருந்தும் தேவையிலிருந்தும் வருகிறது. சொல்லிக்கொடுக்கிறவருக்குத் தெம்பு கௌரவமான சம்பளத்திலிருந்தும் தாங்கக்கூடிய வேலைப் பாரத்திலிருந்தும் வருகிறது. இரண்டில் எது இல்லாவிட்டாலும் பிப்ரவரியில் வண்டி நின்றுவிடும். உபதேசம் பண்ணி அதை நகர்த்த முடியாது.

ஆசிரியராக இருக்கிற நண்பர்களே, வருஷம் முழுவதும் நீங்களே கத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளையைச் சட்டாம்பிள்ளை ஆக்குங்கள். பொங்கலுக்கு அப்புறம் இலக்கணத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ஒரு கதையை எடுங்கள், முடிவைச் சொல்லாமல் மணியடிக்கும்போது நிறுத்துங்கள். அடுத்த நாள் அவர்களே புத்தகத்தைத் திறப்பார்கள். மன்றோவுக்குத் தோட்டம் மாதிரி உங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒன்று இருக்கட்டும்.

தம்பி தங்கைகளே, படிப்பு முடித்ததும் நம்மில் பலருக்கு பெங்களூர் பஸ்தான் வழி. அங்கே கன்னடம் வேண்டும், கம்பெனியில் இங்கிலீஷ் வேண்டும். கன்னடம் பேசுகிற தோழன் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான். தெலுங்கு பேசுகிற பாட்டி அடுத்த தெருவில் இருப்பார். டியூஷனுக்கு முன்னால் அவர்களோடு தினம் பத்து நிமிஷம் பேசிப் பாருங்கள். காது மந்தமான ஒருவரே கூடாரத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பழகினார். நமக்கு ரெண்டு காதும் நல்லாத்தானே இருக்கு?

முன்னாள் மாணவர்களில் வசதியாக இருப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். படித்த கல்லூரிக்கும் பள்ளிக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் உண்டு. கட்டடம், மேசை, மின்விசிறி எல்லாம் நல்லதுதான். அவற்றோடு, சாயங்காலம் ஒரு மணி நேரம் மொழி சொல்லித்தர ஒரு ஆளுக்கு மாசா மாசம் மரியாதையான சம்பளம் தரவும் யோசியுங்கள். பெயர்ப் பலகை வைக்க அதில் இடம் இல்லை. ஆனால் மன்றோ 1826இல் போட்ட கணக்கின் மிச்சம் அங்கேதான் இருக்கிறது.